கூரையில்லாத தொட்டிக்கு ஒப்பாரி

கிரேக்க நாட்டின் தெற்குக் கோடியில், எங்கள் மானிப் பக்கத்தில் ஒப்பாரி தெரியாத பெண் கிடையாது. ஆனாலும் வெனெட்சானா வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். என் அடுத்த வீட்டுக்காரி. ஐந்து பிள்ளைகள், இடுப்பு பிடித்துக்கொண்ட புருஷன், ஒரு கிழட்டுக் கழுதை. விடிந்ததும் கழுதையை ஓட்டிக்கொண்டு மலையேறி ஊற்றுத் தண்ணீர் கொண்டுவருவாள். முகம் கழுவிய தண்ணீரில் தரையைத் துடைப்பாள், துடைத்ததை அத்திமரத்துக்கு ஊற்றுவாள்.

போன வருஷம் நாட்டின் தலைவர் எங்கள் ஊருக்கு வந்தார். வெனெட்சானா கொடுத்த அரைக் குவளைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டார். "இதுவே கழுதை பங்குல எடுத்தது" என்றாள் இவள். ஊருக்கு மழைநீர்த் தொட்டி கட்டித் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்து, முதல் கல்லையும் தன் கையாலேயே வைத்தார். நான்கு சுவரும் எழும்பின. கூரை போடும் முன்பே, தலைநகரில் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து போய்ச் சேர்ந்தார். கொத்தனார்கள் மூட்டை கட்டினார்கள். திறந்த தொட்டியில் இரண்டு ஆடு விழுந்து செத்ததுதான் மிச்சம்.

தலைவருக்குக் கோயில் முற்றத்தில் துக்கம் காக்க ஏற்பாடானது. உடல் இல்லாத சாவுக்குச் செத்தவர் துணியை வைத்து அழுவது வழக்கம். நாட்டுத் தலைவர் துணிக்கு எங்கே போவது? ஊர்த் தலைவர் திகையோஸ் தன் கல்யாணக் கோட்டையே கொண்டுவந்து மேஜையில் கிடத்தினார். "உசிரோட இருக்கற மனுசன் கோட்டுய்யா!" என்று அவர் பெண்டாட்டி சிலுவை போட்டுக்கொண்டே இருந்தாள்.

மாவட்ட அதிகாரி காரில் வந்திறங்கினார். திகையோஸ் பவ்யமாகத் தொட்டியைப் பற்றிக் கேட்டார்.

"அவர் போனதோட அந்தக் கோப்பும் மூடியாச்சு" என்றார் அதிகாரி. பிறகு ஒரு தாளை நீட்டினார். "யாரும்மா பாடறது? இதைப் பாடுங்க. நானே எழுதினேன்."

திகையோஸ் வாசித்துக் காட்டினார். தலைவர் கழுகாம், சைப்ரஸ் மரமாம், மறைந்த சூரியனாம்.

வெனெட்சானா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கழுகு என் கோழிக்குஞ்சத் தூக்கிட்டுப் போகும். சைப்ரஸ் கல்லறை மரம், நிழலும் தராது, காயும் தராது. சூரியனா? ஏற்கெனவே இங்க காஞ்சு கெடக்கோம், அது வேறயா?"

"எல்லாம் உவமைம்மா."

"தெரியுது ஐயா. ஆனா அவரு எங்களுக்குத் தொட்டி."

"நாட்டுத் தலைவரைப் போய்த் தண்ணித் தொட்டின்னா கேவலமா இருக்காதா?"

"தண்ணி சொமந்து பாருங்க, கேவலமா இல்லையான்னு அப்புறம் சொல்லுங்க."

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். "ஏண்டி, அதிகாரிய எதுக்குப் பகைச்சுக்கற? எழுதினதப் பாடிட்டுப் போயேன்."

"இன்னிக்கு விட்டா இந்தாளு திரும்ப வரமாட்டாரு அக்கா. அந்தச் சுவரும் நம்ம பிள்ளைங்களுக்குக் குழியாத்தான் கெடக்கும்."

எங்கள் ஊரில் ஒப்பாரியை எடுத்தவளை யாரும் குறுக்கே மறிக்கக் கூடாது. பாதிரியாரும் வாய் திறக்கமாட்டார். பாடி முடித்தவள் கையை நீட்டுவாள். அந்தக் கையைப் பிடித்தவர் அடுத்துப் பேசியாக வேண்டும். அதனால்தான் எங்கள் ஆண்கள் எல்லோரும் சுவரோரமாகத் தள்ளியே நிற்பார்கள்.

வெனெட்சானா முக்காட்டை அவிழ்த்துவிட்டுக் கோட்டின் மேல் கை வைத்தாள்.

"கல்லெடுத்து வச்சவரே, கரையெழுப்பிப் போனவரே,
நாலு சுவரு நிக்குதய்யா, நடுவானம் தெரியுதய்யா,
மூடாத தொட்டியாட்டம் முடியாமப் போனீரே!
உம்மையும் பொதச்சாக, உம்ம சொல்லையும் பொதச்சாக,
மண்ணுக்கு நீர் போகலாம், மழைத்தண்ணி போகலாமோ?"

பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்கள். அதிகாரியின் கண்ணும் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து வெனெட்சானா அவர் பக்கம் கையை நீட்டினாள். பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சுவரோரம் நின்ற ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயா, இப்ப நீங்கதான் பேசணும்" என்றார் திகையோஸ்.

"நான் எதுக்கு?"

"கையப் புடிச்சுட்டீங்களே."

அதிகாரி கையை உருவப் பார்த்தார். கழுதைக் கயிறு இழுத்த கை, விடுமா? தாளை ஒற்றைக் கையால் விரித்து, "கழுகே..." என்று ஆரம்பித்தார். ஒருத்தியும் குரல் கொடுக்கவில்லை. மறுபடி, "கழுகே..." ஒரு பெண் இருமினாள், அவ்வளவுதான்.

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். கோட்டைப் பார்த்தார், வெனெட்சானாவைப் பார்த்தார்.

"கூரை... போட்டுடுவோம்" என்றார், மெதுவாக.

"மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அவருகிட்டச் சொல்லுங்க."

கோட்டின் பக்கம் திரும்பி, "மழைக்கு முன்னாடி" என்றார். அப்போதுதான் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலாக ஒப்பாரி எடுத்தார்கள். அவளும் கையை விட்டாள்.

திராட்சை அறுத்து முடித்த வாரம் கொத்தனார்கள் வந்தார்கள். முதல் மழைக்கு முன்பே கூரை முடிந்தது. மழை பெய்து தொட்டி நிறைந்தபின் பார்க்க வந்த அதிகாரிக்கு வெனெட்சானா குவளை நிறையத் தொட்டித் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மனுஷர் அவள் விரலில் படாமல், இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து வாங்கிக்கொண்டார்.