புகார் வராத மூன்று மாதங்கள்

திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒன்பது வருடமாகத் தற்காலிகம். மயிலம், கண்டமங்கலம் கிளைகளின் ரிசல்ட்டுகளும் எங்கள் மாடியிலிருந்த ஒரே டேட்டாபேஸில்தான். அது மெதுவானால் எல்லா கவுன்டரும் நிற்கும்.

"விழுப்புரத்துல அஞ்சு நாள் டிரெயினிங். அப்புறம் மூணு மாசம் புகார் வராம ஓட்டுங்க, பர்மனென்ட் பண்ணிடறேன்" என்றார் முதலாளி.

ஐந்து நாளும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பயிற்சி, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஒரு சாஃப்ட்வேரில். டேட்டாபேஸ் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கோடு போட்டுக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் சிவப்பாகி, போனுக்கு மெசேஜ் அனுப்பும். சொல்லிக்கொடுத்த பெண் என்னைவிட மிகவும் இளையவர். "ரெண்டு வாரம் சும்மா பாருங்க சார். சாதாரண நாள் எப்படி இருக்கும்னு தெரிஞ்சப்புறம் எல்லை வைங்க" என்றார். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதோடு சரி.

அது மின்வெட்டுக் காலம். தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கரண்ட் இருக்காது. கிளைக் கம்ப்யூட்டர்கள் அணைய அணைய மெசேஜ் கொட்டும், முதலாளிக்கும் சேர்த்து. "இன்னாங்க இது, சோறு துன்ன முடியல, ஒரே பேஜாரு" என்றார். அந்த இரண்டு மணி நேரத்துக்கு எச்சரிக்கையை நிறுத்திவைத்தேன். யாரும் வேலை செய்யாத நேரம்தானே என்று, டேட்டாபேஸை நகல் எடுக்கும் பெரிய வேலையையும் பன்னிரண்டு மணிக்கே வைத்தேன். எங்கள் சர்வர் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடும்.

அடுத்த மாதம் மின்வெட்டு பத்து மணிக்கு மாறியது. பத்திலிருந்து பன்னிரண்டு வரையும் எச்சரிக்கையை அடைத்தேன். பழைய நேரத்தைத் திறக்கவில்லை, நகல் எடுக்கும் நேரத்தையும் மாற்றவில்லை. மறுபடி மாறினால் யார் மெனக்கெடுவது என்ற அலுப்பு. போன் சத்தமில்லாமல் கிடந்தது எனக்குச் சுகமாகவும் இருந்தது.

மூன்று மாதம் முடியும் வாரம், கீழே கவுன்டருக்கு இறங்கினேன். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மா பெஞ்சில் இருந்தார்.

"ஊட்டுக்காரரு ரிசல்ட்டுக்கு நேத்தே வந்தேங்க. ரெண்டு மணி வரைக்கும் குந்திக்கினு இருந்தேன். கரண்ட் இல்லன்னாங்க. அதுக்குள்ள டாக்டரு பூட்டாரு" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், "ஃபேன் மட்டும் ஓடிக்கினு இருந்துச்சி" என்றார். 

நேற்றும் பன்னிரண்டுக்கே கரண்ட் வந்துவிட்டது. மேலே ஓடி, பழைய கோடுகளைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு மாதமாகத் தினமும் பன்னிரண்டுக்கு மேல் சிவப்பு. என் நகல் வேலை டேட்டாபேஸை அமுக்கியிருக்கிறது. கவுன்டர் பெண்கள் பழக்கத்தில் கரண்ட் மேல் பழி போட்டிருக்கிறார்கள். வந்தவர்களும் நம்பி, உட்கார்ந்து, திரும்பிப் போயிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம்கூட.

சனிக்கிழமை முதலாளி பர்மனென்ட் ஆர்டரை நீட்டினார். "ஒரு புகார்கூட இல்ல. நல்லா ஓட்டிட்டீங்க" என்றார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.