மாறிப்போன இரண்டு சிலுவைகள்

பிச்சையா அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யாரும் கேட்காமலே உதவி செய்ய மட்டும் நன்றாகத் தெரியும். எழுபதுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கொடைக்கானலில் கேரட் கழுவ, மரம் வெட்ட, மூட்டை தூக்க என்று கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போவார். 2001-ல் அவர் மனைவி தேவகுமாரி காய்ச்சலில் இறந்தார்.

அதே வாரம், அதே கல்லறை வரிசையில், அடுத்த குழியில் என் மகன் அருண்பாண்டியனைப் புதைத்தார்கள். மலைப்பாதையில் பைக் விபத்து. வயது பத்தொன்பது. ஆறுதல் சொல்ல வந்த கூட்டம் ஏரிக்கரை சீசன் கூட்டத்தைத் தோற்கடித்தது. "நல்ல பூவைத்தான் ஆண்டவர் மொதல்ல பறிப்பாரு" என்றார் ஒருவர். அவர் வீட்டில் மூன்று பூவும் பத்திரமாக இருந்தன. அன்றோடு எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. கோயிலும் வேண்டாம், கல்லறையும் வேண்டாம் என்று என் பஜ்ஜிக் கடையே கதியென்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் காட்டெருமைக் கூட்டம் கல்லறைக்குள் புகுந்து மரச்சிலுவைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. உயிரோடு இருப்பவர்களே எங்கள் ஊரில் காட்டெருமைக்கு வழிவிடுகிறோம், செத்தவர்களா மறிக்கப் போகிறார்கள்? நம்ம பிச்சையா அண்ணன் சும்மா இருப்பாரா? தனி ஆளாக எல்லாவற்றையும் நிமிர்த்தி நட்டார். தன் மனைவியின் சிலுவையை அதில் கட்டியிருந்த சேலைத்துண்டை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். குழியைத்தான் கோட்டைவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஆறு வருடம் கழித்து. இடம் போதவில்லை, குழியை வந்து காட்டாதவர்களின் இடம் வேறு ஆளுக்குப் போகும் என்று கோயிலில் அறிவித்திருந்தார்கள். எவ்வளவு கோபம் இருந்தால்தான் என்ன, பிள்ளை மேல் இன்னொருவரைப் படுக்கவைக்க மனசு வருமா? கல்லறைத் திருநாள் காலையில் களைக்கொத்தியோடு போனேன்.

தண்ணீர்க் குழாயிலிருந்து மூன்றாவது குழி. கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். அங்கே ஒரு பெரியவர், அதுவரை நான் பார்த்திராத பிச்சையா அண்ணன்தான், சுண்ணாம்பு அடித்தபடி, "தேவி, கேரட்டு வெல விழுந்துருச்சு புள்ள" என்று குழியோடு பேசிக்கொண்டிருந்தார். என் மகன் பெயர் எழுதிய சிலுவையோ பக்கத்துக் குழியில், இடுப்பளவு புதருக்குள் நின்றது.

அவர் அந்தப் புதரைக் காட்டி, "பாருங்க தங்கச்சி, இத்தன வருசமா ஒரு ஆளு எட்டிப் பாக்கல. சொந்தக்காரவுக மனசு கல்லுதான் போல. மிச்சமாகுற மெழுகுவத்திய நாந்தான் அதுக்கும் பொருத்தி வைக்கிறேன்" என்றார்.

"அந்தக் கல்லு நாந்தாண்ணே" என்றேன். சொல்லிவிட்டு, வெள்ளையடித்த குழியின் தலைமாட்டைக் கொத்தினேன்.

"ஐயோ, என் பொஞ்சாதிம்மா!" என்று அலறினார்.

ஒரு சாண் ஆழத்தில் பைக் நம்பர் பிளேட் வந்தது. அடக்கத்தன்று நானே புதைத்தது. "நீங்க வெள்ளையடிச்சது என் மகனுக்குண்ணே. உங்க பொஞ்சாதி அந்தப் புதருக்குள்ள இருக்காக" என்றேன். விசுவாசம் உள்ள ஒரு முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு அத்தனை ஆசை, பாவி!

வாடத்தான் செய்தது. "அவளுக்கு மிச்ச மெழுகுவத்திதான் கெடச்சிருக்கு. உசுரோட இருந்தப்பவும் மிச்சச் சோறுதான் தின்னா" என்று அழுதார்.

அதற்கு மேல் எனக்கு நக்கல் வரவில்லை. போய்ப் புதரை வெட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து பக்கத்தில் குத்தவைத்துக் களை பிடுங்கினார்.

"மாத்தி நட்டது நான். கடைசி நாள்ல செத்தவுகள எழுப்ப வர்ற ஆண்டவருக்கு ஆளு மாறாது தங்கச்சி. சிலுவையில பேரப் பாத்தா அவரு எழுப்பப்போறாரு?" என்றார். பிறகு தயங்கி, "பையன் பேரு என்னங்க? இம்புட்டு நாளா பொம்பளப் பேரச் சொல்லிக் கூப்புட்டிருக்கேன். கோச்சுக்கிட்டிருப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் பீறிட்டது. ஆறு வருடமாக என் வாயில் வராத பெயரைச் சொன்னேன்.

அவர் என் மகனின் குழியை மெல்லத் தட்டி, "அருணு, ஒங்கம்மா வந்திருக்காக" என்றார்.

அந்த ஞாயிறு பூசைக்குப் போனேன். சமாதானமாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அருணை எழுப்புகிற அன்றைக்கு என்னையும் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்று ஆண்டவரிடம் கறாராகச் சொல்லிவிட்டு வந்தேன்.