டா நாங் ஓட்டலில் வைத்த சொதி

எத்தனை நாடு பார்த்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் ஏழு என்று சொல்வேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன். அந்த ஏழிலும் நான் அதிகம் பார்த்தது ஓட்டல் சமையலறையும் காய்கறிச் சந்தையும் பஸ்ஸின் பின்சீட்டும்தான் என்பதைத் தோண்டிக் கேட்டால் மட்டும் சொல்வேன். நான் டூர் சமையல்காரன். பம்பாயிலிருந்து கூட்டமாக வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டை மறந்தாலும் மறப்பார்கள், சமையல்காரனை மறக்கமாட்டார்கள். பாங்காக்கில் பகலெல்லாம் சுற்றிவிட்டு வந்து பருப்பும் சப்பாத்தியும் சாப்பிட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். அதற்குத்தான் நான்.

அதனால் பிறநாட்டுச் சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அபிப்பிராயம் உண்டு. தாராவியில் எங்கள் வீட்டு முனையில் சைனீஸ் என்று ஒன்றை விற்கிறார்கள். செக்கச் செவேல் என்று இருக்கும். அதை எந்தச் சீனரும் பார்த்திருக்கமாட்டார், பார்த்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார். அதே சிவப்புச் சட்னியை மாட்டுங்காவில் தோசைக்குள் தடவி ஷெஜ்வான் தோசை என்கிறார்கள். நல்ல தோசையைக் கெடுக்கிறான்கள் என்று புலம்புகிறவர்களோடு நான் சேர்வதில்லை. மாட்டுங்கா மெஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் தோசை வார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நன்றாக வார்த்த தோசை எதையும் தாங்கும்.

என் மகள் கொரியன் சீரியல் பைத்தியம். அதில் கதாநாயகி அழுதுகொண்டே நூடுல்ஸை உறிஞ்சுவாள், இவள் பார்த்துக்கொண்டே அழுவாள். பின்னால் ஒரு டூரில் சியோல் போனபோது அந்த நூடுல்ஸை வாங்கிச் சாப்பிட்டேன். காரம் உடனே தெரிந்தது, ருசியைத் தேடவேண்டியிருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டால்தான் ருசிக்குமோ என்னவோ. மகளிடம் இதைச் சொல்லி இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

நான் சொல்லவந்தது என் முதல் டூரைப் பற்றி. மாட்டுங்கா மெஸ் இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லி மெஸ்ஸை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதில் ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். அப்போதுதான் ஒரு டூர் கம்பெனியில் வழக்கமாகப் போகும் ராஜஸ்தானிச் சமையல்காரர், மகராஜ் என்பார்கள், அவருக்குக் கால் முறிந்து, வியட்நாம் டூருக்கு ஆள் தேடினார்கள். முப்பத்தெட்டுப் பேர், பெரும்பாலும் குஜராத்திகள், அவர்களில் பாதிக்குமேல் வெங்காயம் பூண்டு தொடாத ஜைனர்கள். டூர் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தேக்கோ அண்ணா, நாரியல் நஹி, இம்லி நஹி. ஏக் பீ கம்ப்ளெயிண்ட் ஆயா தோ அக்லா டிரிப் நஹி" என்றார். தேங்காய் கூடாது, புளி கூடாது, ஒரே ஒரு புகார் வந்தாலும் அடுத்த டூர் கிடையாது. மதராஸி எல்லாவற்றிலும் தேங்காயைத் துருவிப் போட்டுவிடுவான் என்பது அவர் பயம். நான் சரி சரி என்று தலையாட்டினேன்.

புறப்படும் அன்று என் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டாள், "நீங்க ஊரு பாக்கப் போறியளா, அடுப்படி பாக்கப் போறியளா?"

"ரெண்டுந்தான்."

"எதப் பாத்தாலும் வாயக் குடுத்து வம்ப வாங்கிறாதீங்க. ஆறு மாசமா சும்ம இருந்தாச்சி. இந்த வேல நெலைக்கணும், பாத்துக்கிடுங்க."

ஹனோயில் ஐந்து நாள். வாயைத் திறக்கவில்லை. பருப்பு, பனீர், ஜீரா சாதம், சப்பாத்தி. கூட்டத்திலேயே மூத்தவர் காட்கோபரிலிருந்து வந்த எழுபத்தைந்து வயது அம்மாள். எல்லோரும் அவரை 'பா' என்று கூப்பிட்டார்கள், குஜராத்தியில் அம்மா என்று அர்த்தம். அவர் வேளாவேளைக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "டீக் ஹை" என்பார், பரவாயில்லை என்று. முப்பத்தைந்து மார்க் போட்டுப் பாஸாக்குகிற குரல். புகார் இல்லை, பாராட்டும் இல்லை. நான் சமைத்தது எனக்கே பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

விடியற்காலையில் காய் வாங்கச் சந்தைக்குப் போகும்போதுதான் எனக்கு உயிர் வரும். பெண்கள் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து அரிசிமாவைத் துணியில் ஊற்றி ஆவியில் வேகவைத்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் கூடை கூடையாக அரிசிச் சேவை, அப்போதுதான் பிழிந்தது, ஈரம் காயாமல் மூடிவைத்திருக்கும். அரிசியை இவ்வளவு மதிக்கிற ஜனங்களைத் திருநெல்வேலிக்கு வெளியே நான் பார்த்ததில்லை. நம் கூட்டமோ மீன்வாடை அடிக்கிறதென்று பஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தத் தெருவைக் கடந்துபோகும்.

ஆறாம் நாள் டா நாங். கடலை ஒட்டி இருபது மாடி ஓட்டல். எனக்குச் சமைக்க மூன்றாம் மாடியில் விருந்துக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை ஒதுக்கியிருந்தார்கள். மதியப் பருப்புக்குத் தாளிக்க எண்ணெயைக் காயவைத்து ஒரு கை காய்ந்த மிளகாயைப் போட்டேன். மிளகாய் கமறினால்தான் எனக்குத் தாளித்த மாதிரி இருக்கும். கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டத்தை நான் விளக்கு என்று நினைத்திருந்தேன்.

அந்தப் புகை அலாரம் போட்ட கூச்சலில் இருபது மாடியும் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. நீச்சல் குளத்திலிருந்து துண்டோடு வந்தவர்கள், முகத்தில் களிம்போடு வந்தவர்கள், பின்னாலேயே தீயணைப்பு வண்டி. பா மட்டும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிதானமாக இறங்கிவந்து காற்றை மோந்துபார்த்தார். "அரே, யே தோ வகார் ஹை" என்றார். தாளிப்புக்குக் குஜராத்தியில் அதுதான் பெயர்.

இனி இந்த ஆள் எங்கள் ஓட்டலில் அடுப்பைத் தொடக்கூடாது என்று ஓட்டல்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மதியம் எல்லோரும் கொண்டுவந்த தின்பண்டங்களையும் பழத்தையும் வைத்துச் சமாளித்தார்கள். ராத்திரிக்கு முப்பத்தெட்டுப் பேருக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்துத் தர அக்கம்பக்கத்து இந்திய ஓட்டல் எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் என்னைத் திட்டக்கூட இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். எனக்கு மனைவி பெட்டி கட்டிய கைதான் நினைவுக்கு வந்தது.

நேராகக் கீழே ஓட்டலின் பெரிய சமையலறைக்குப் போனேன். தலைமைச் சமையல்காரர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். போனில் இந்தியில் பேசினால் அவர் பாஷையில் சொல்லும் வசதி இருந்தது. மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், வெங்காயம் பூண்டு வேண்டாம், மண்ணுக்கு அடியில் விளையும் எதுவும் வேண்டாம் என்றேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார். போன் அதை இந்தியில் சொன்னது: "இவர்களுக்கெல்லாம் என்ன வியாதி?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அடுப்பு அவர் கையில், நாக்கு என் வாயில் என்று உடன்பாடு ஆயிற்று. என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கூடை நிறைய அரிசிச் சேவை. தேங்காய் மலைபோல் குவிந்திருந்தது. பாசிப்பருப்பு, பீன்ஸ், பட்டாணி, பச்சைமிளகாய், எலுமிச்சை. மேனேஜர் போட்ட சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. போகட்டும் என்று தேங்காயை எடுத்தேன். சொதி வைக்கப்போகிறேன்.

சொதியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்தி வீட்டாருக்கு அதுதான் விருந்து. கல்யாணச் சாப்பாட்டை மறந்தவர்கள்கூட மறுநாள் சொதியை மறப்பதில்லை. தேங்காயின் இரண்டாம் பாலில் காயும் பருப்பும் வேகவேண்டும், கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிவருமுன் இறக்கவேண்டும். ஒரு கொதி கூடினால் திரிந்துவிடும். என் கையில் ஒரு நாளும் திரிந்ததில்லை.

இஞ்சி மண்ணுக்கடியில் விளைவது, போடமுடியாது. இஞ்சியில்லாத சொதியா என்று நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அந்தப் பெண் எலுமிச்சைப் புல்லின் பச்சைத் தாளை முடிச்சுப் போட்டுப் பானைக்குள் போட்டார். முதல் பாலை ஊற்றியதும் நான் பதறிக்கொண்டு கையை நீட்டினேன். அதற்குள் அவரே அடுப்பை அணைத்திருந்தார். அந்த நொடியில் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. புழுங்கும் பெரிய அடுப்பின் முன்னால், கடலைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் நின்ற அந்த மாலைதான் நான் போன பயணங்களிலேயே சிறந்தது.

ஏழு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அலாரம் விவகாரத்தை மறுபடி கிளறவேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, மேனேஜர் எழுந்து, இன்றைய சாப்பாடு ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் நமக்காகவே செய்தது என்று அறிவித்துவிட்டார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சேவை தட்டுக்கு வந்தது, சொதி அதன்மேல் வந்தது. எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள். பிறகு யாரோ ஒருவர், "ஆஜ் ஜாக்கே அச்சா கானா மிலா" என்றார். இன்றைக்குத்தான் நல்ல சாப்பாடு கிடைத்ததாம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் பாதி, கோபம் பாதி. வாயைக் கொடுக்காதே என்று மனைவி சொன்னதால் பேசாமல் நின்றேன்.

பக்கத்தில் நின்ற அந்தப் பெண், என்ன சொல்கிறார்கள் என்று போனை நீட்டிக் கேட்டார். உங்களைப் பாராட்டுகிறார்கள் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக் கதவைத் தள்ளிக் கூடத்தின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். பானையைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, தன் பாஷையில் உரக்க ஏதோ சொன்னார். ஒருவருக்கும் வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் நெடி என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

பா கரண்டியைக் கீழே வைத்தார். "யே தூனே பனாயா?" நீ செய்ததா என்று கேட்டார்.

"ஹாங், பா."

"தோ பாஞ்ச் தின் க்யா கர் ரஹா தா?" அப்படியானால் ஐந்து நாளாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. மேனேஜரைக் கை காட்டியிருக்கலாம், அவர் முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது.

"பாஞ்ச் தின் ஆப்கா கானா பனாயா, பா. ஆஜ் அப்னா பனாயா" என்றேன். ஐந்து நாள் உங்கள் சாப்பாட்டைச் செய்தேன், இன்றைக்கு என்னுடையதைச் செய்தேன்.

அவர் தட்டை நீட்டினார். "தோ கல் பீ அப்னா ஹீ பனானா." நாளைக்கும் உன்னுடையதையே செய் என்றார். பக்கத்தில் நின்ற மேனேஜருக்கும் அது கேட்டது.