கவர் மாட்டும் பாடம்

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் ஒரு தொழிற்பள்ளியில் லேத் வேலை சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராக இருந்தேன். வாரத்தில் ஒரு மணி நேரம், ஆபத்தில்லாமல் வேலை செய்வது எப்படி என்ற பாடமும் என் தலையில் விழுந்தது. அதை நான் நடத்திய லட்சணத்தைக் கேளுங்கள்.

மேலே சுழலும் தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு லேத்தையும் ஓட்டும். விரல் அகப்பட்டால் போயிற்று. அதைத் தடுக்க இரும்பு வலைக் கவர்கள் வந்திருந்தன. மாட்டினால், வேகம் மாற்றும்போதெல்லாம் கழற்ற வேண்டும். துறைமுகத்துக்கு போல்ட் செய்துகொடுக்கும் ஆர்டர் தேங்கிவிடும் என்று பள்ளி சூப்பிரண்டு அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"மெஷினுவளச் சோதனை போட இன்ஸ்பெக்டர் வார அன்னைக்கு மாட்டுனா போதும் வே. பயலுவளப் பழக்கி வையும்," என்றார்.

பழக்கினேன். வெட்கங்கெட்டவன், உற்சாகமாகவே பழக்கினேன். வாசலில் கார் சத்தம் கேட்டதும் அலமாரியைத் திறந்து எட்டு கவர்களையும் மாட்ட வேண்டும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், இளநீர் குடித்தார், என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கார் தெருமுனை திரும்புவதற்குள் கவர்கள் அலமாரிக்குப் போய்விட்டன. எனக்கு அன்று பெருமை பிடிபடவில்லை. சீ!

எல்லோரையும்விட வேகமாகக் கவர் மாட்டியவன் ஆற்றங்கரை வயல்காட்டு ஊரிலிருந்து வந்தவன். துறைமுகப் பட்டறையில் ஒரு நாள் லேத் ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அவனிடம் சொல்லியிருந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் இருக்கையில் ஓடும் பெல்ட்டில் அவன் வலது கை அகப்பட்டது. மூன்று விரல்கள் போய்விட்டன. ஓடிவந்த சூப்பிரண்டு, போல்ட்டுகளில் ரத்தம் பட்டுவிட்டதே என்று துடைக்கத் துணி கேட்டார். அந்தத் துணியை எடுத்துக்கொடுத்தவனும் நான்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு கிடந்தான். கட்டிலருகே தரையில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நான் நல்லவனாக வேண்டியிருந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கவர மாட்டாம ஏம்ல ஓட்டுன?" என்று கத்தினேன்.

"இன்ஸ்பெக்டர் வரலியே சார்," என்றான்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் கோபமாவது பட்டிருப்பேன். வகுப்பில் பதில் சொல்லும் அதே குரலில் சொன்னான். அப்பா பதறி எழுந்து என்னைக் கும்பிட்டார்.

"அவன ஏசாதிய சார். நீங்க சொல்லிக்குடுத்தபடிதான நடந்திருக்கான்," என்றார்.