பாஸ்வேர்ட் கேட்காத புள்ளி

எண்பதுகளின் கடைசியில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் இருந்தேன். தென்காசியிலிருந்து தினமும் பஸ். அப்போதுதான் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதில் அறை பதிவது மட்டும்தான் எனக்கு அனுமதி. சீசனில் அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்கள் என்று மாடியில் இரண்டு அறைகளை ஒதுக்கி வைத்திருப்போம். அவற்றை வேறு யாருக்காவது கொடுக்க மேனேஜர் அண்ணாச்சியின் பாஸ்வேர்ட் வேண்டும்.

நல்ல சாரல் நாளில் ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வந்து இறங்கினார். மாடிக்குப் போனால் இரண்டு அறைகளிலும் யாரோ துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். முதலாளிக்கு வந்ததே கோபம்!

"பாஸ்வேர்டு உம்மகிட்ட மட்டுந்தானவே இருக்கு? எவன்கிட்டவே கைநீட்டுனீரு?" என்று எல்லார் முன்னாலும் அண்ணாச்சியைக் கேட்டார். "சாயங்காலத்தோட கெளம்பிரும்."

அண்ணாச்சி அடுத்தவர் காசில் டீகூடக் குடிக்காதவர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல்வரை போய்த் திரும்பினேன்.

விஷயம் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் அறைப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தபோது எஸ்கேப் பட்டனில் கைபட்டுவிட்டது. நிறுத்தவா என்று கேட்டது. சரி என்றதும் எல்லாம் மறைந்து, திரையில் ஒரே ஒரு புள்ளி. அங்கிருந்து மேனேஜர் செய்வது எதையும் யாரும் செய்யலாம், பாஸ்வேர்டே கேட்காது. புரோகிராம் எழுதியவருக்கு அன்றே போன் போட்டேன். "அதெல்லாம் எவனுக்கும்மா தெரியப்போவுது?" என்று வைத்துவிட்டார். நான் சாப்பிடப் போனால் முதலாளியின் மச்சினன்முதல் கார் டிரைவர்வரை அந்தக் கம்ப்யூட்டரைத் தட்டாத ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பது?

"மொதலாளி, இங்கன வாங்க, காட்டுதேன்" என்றேன். எஸ்கேப்பைத் தட்டினேன். புள்ளி வந்தது. பாஸ்வேர்ட் இல்லாமலே மாடி அறையை இன்னொரு பெயருக்கு மாற்றிக் காட்டினேன். அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது.

முதலாளி திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப ஒனக்கு இது தெரியும்."

"யாரு வேணும்னாலும் செய்யலாம், மொதலாளி."

"மத்தவனுக்குத் தெரியும்னு நீ சொல்லுதே. ஒனக்குத் தெரியும்னு நானே பாத்துட்டேன்லா."

அடப்பாவி, இப்படியும் ஒரு நியாயமா! நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரிசப்ஷன் சாவிய வச்சிட்டுப் போம்மா" என்றார் அண்ணாச்சி.