அந்தோனியார் படத்துக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு

புளியங்கொட்டை அளவுதான் இருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவின் பழைய காரில், டேஷ்போர்டின் இடது கோடியில், அந்தோனியார் படத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் எரிய வேண்டியது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே அல்லவா அது இருக்க வேண்டும்? காரை முன்பு வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், ரேடியோவைக் கழற்றிய இடத்தில் சும்மா கிடந்த ஓட்டையில் அதைச் செருகிவிட்டுப் போயிருந்தார். இப்போது நான் மாத்தளை டவுனில் ஏறுகிற கார்கள் எடுத்ததற்கெல்லாம் கூச்சல் போடுகின்றன. பெல்ட் போடாவிட்டால் ஒரு சத்தம், கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் இன்னொரு சத்தம். அந்தக் கார் வாயே திறக்காது. அதன் சொந்தக்காரரும் அப்படித்தான்.

நான் அந்தத் தோட்டத்து மிட்வைஃப். எல்லோருக்கும் மிஸ்ஸி. தோட்டத்தில் ஆம்புலன்ஸ் கிடையாது. லொறி ஒன்று உண்டு. கொழுந்து ஏற்றிய நேரம் போக மீதி நேரமெல்லாம் பழுதாகி நிற்கும். அதனால் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளிகளை ஐயா தன் காரிலேயே கொண்டுபோவார். அவருக்குச் சொந்த ஊர் வஹகோட்டை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், கல்யாணம் கட்டாதவர். நோயாளியும் கூட வருகிறவர்களும் நானும் பின் சீட்டில் நெருக்கியடித்து உட்காருவோம். முன் சீட்டில் அவருடைய தொப்பி மட்டும் இருக்கும். ஐயாவுக்குச் சமமாக முன்னால் போய் உட்காரத் தோட்டத்தில் யாருக்கும் மனம் வராது. கால் முறிந்தவன்கூட அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு பின்னால்தான் ஏறுவான்.

ஒரு மழைக்காலத்து மாலையில், பிரசவ வலியெடுத்த ஒரு பெண்ணையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். குழந்தை குறுக்கே கிடந்தது. என் கையால் ஆகிற காரியம் அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டு உயிரும் தப்பும். தோட்டத்திலிருந்து மாத்தளைக்குப் போக முதலில் நீண்ட ஏற்றம். பாதி ஏற்றத்தில் அந்த விளக்கு எரிந்தது. பின்னாலிருந்த மூவருமே பார்த்தோம். இந்த நாட்டில் பஸ், லொறி எதில் ஏறினாலும் சாமி படத்துக்கு ஒரு சிவப்பு பல்பு எரியும். ஐயாவும் அந்தோனியாருக்கு விளக்குப் போட்டிருக்கிறார் என்றுதான், படித்த நான் உட்பட, நினைத்தோம். அந்தோனியார் விஷயத்தில் எங்கள் ஆட்கள் வேதம் சைவம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மாமியார் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு மருமகளின் தலையைத் தடவினார்.

"அந்தா பாரு, சாமிக்கு வெளக்கு எரியுது. ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

ஐயா பிரேக்கை மிதித்தார். "எந்த வெளக்கு?"

பானட்டைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. தண்ணீர்க் குழாயில் வெடிப்பு. கொதிக்கும்போது மூடியைத் திறக்க முடியாது, ஆற வேண்டும். உள்ளே அந்தப் பெண் முனகிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்போதுதான் ஐயா, என்னைச் சமாதானப்படுத்தவோ தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளவோ, அந்த விளக்கு எப்படி எரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். என்ஜினில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு பித்தளைக் குமிழ் திருகியிருக்கிறது. அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய தகடு. சூடேறினால் ஒரு பக்கம் மற்றதைவிடக் கூடுதலாக நீளும், தகடு வளையும். வளைந்து எதிரே உள்ள முனையைத் தொட்டதும் மின்சாரம் ஓடி விளக்கு எரியும். ஆறினால் தகடு நிமிர்ந்துகொள்ளும், விளக்கு அணைந்துவிடும். ஆனால் தண்ணீர் இருந்தால்தான் குமிழுக்குச் சூடு ஒழுங்காக எட்டும். தண்ணீர் முழுக்க வற்றிவிட்டால் என்ஜின் வெந்துபோனாலும் விளக்கு எரியாமலே இருக்கக்கூடும்.

"எரியிறது நல்லது, மிஸ்ஸி. எரியாம இருந்தாத்தான் பயப்படணும்" என்றார்.

காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை மருந்துப் பையிலிருந்து எடுத்து, குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். என்ஜின் ஆறியதும், மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலியில் நான் பிடித்துவந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். போய்ச் சேர்ந்தோம். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மாமியார் ஒற்றைக் காலில் நின்று, பேத்திக்கு அந்தோனியம்மா என்று பெயர் வைத்தார்.

அடுத்த முறை கார் புறப்படும்போது ஐயா தொப்பியை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, இனி யாராவது ஒருவர் முன்னால் இருந்து விளக்கைப் பார்க்க வேண்டும் என்றார். ஒருவரும் அசையவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு பல வருஷம் அந்தச் சீட்டு என்னுடையதாக இருந்தது. நோயாளியை விட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஏற்றம் தொடங்கியதும் எரிகிறதா என்று கேட்பார், இல்லை என்பேன். பேச்சென்று எடுத்தால் அவ்வளவுதான். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு மாதிரியாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது கோபமாக இருந்தது. மறைப்பானேன், உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அவர் என்னிடம் வேறொன்று கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒவ்வொரு முறையும் தோட்டத்து வாசல் வரும்வரை காத்திருப்பேன். அவர் வேதம், நான் சைவம். கேட்டிருந்தாலும் என் அண்ணன்மார் வீட்டில் பூகம்பமே வந்திருக்கும். வந்தால் வரட்டும் என்றுதான் இருந்தேன்.

ஒரு நாள் டவுனில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானா, காரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளக்கை ஸ்டியரிங் பக்கம் மாற்றித் தருவதாகச் சொன்னார். "ஒரு வயர் இழுக்கிற வேலதான், ஐயா. பாக்குறதுக்குன்னு ஒரு ஆள் தேவப்படாது."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஐயா என்னைப் பார்க்கவில்லை, அந்தோனியார் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வேணாம். பாக்க ஆள் இருக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையை மனதுக்குள் வைத்துக்கொண்டு விளக்கையே பார்த்தபடி இருந்தேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பென்ஷன் வாங்கி வஹகோட்டைக்குப் போன அன்றும், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. நான் டவுனில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டேன். சமைப்பதும் சாப்பிடுவதும் தனியாகத்தான்.

அண்மையில் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது, மருந்துக் கடைக்காரர் பேச்சோடு பேச்சாக, டிஸ்பென்சர் ஐயா தவறிவிட்டதாகச் சொன்னார். அடக்கம் முடிந்து மாதக்கணக்காகிவிட்டதாம். வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. சொந்தபந்தத்துக்கும் கோயிலுக்கும், ஏன், தோட்டத்தை நடத்திய பழைய துரைக்கும்கூடத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கும் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.