நல்லா இருக்கேன் மிஸ்ஸி

அமுதவள்ளிக்கு அந்த நோயாளிகளைக் குரல்களாக மட்டுமே தெரியும். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருத்துவமனையின் நான்காம் மாடி. மழை இறங்கும் மதியங்களில், காதில் போனை வைத்தபடி ஒவ்வொரு குரலுக்கும் ஒரு முகம் வரைந்துகொண்டிருப்பாள். இருமி இருமிப் பேசுகிறவருக்கு மீசை. மெதுவாகப் பேசுகிறவருக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இருபத்தாறு வருடம் வார்டில் எல்லோரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் தாதியாக நடந்து முழங்கால் தேய்ந்த பிறகு கிடைத்த வேலை இது.

குடலிறக்கத்துக்கு அறுவை செய்யும்போது, பலவீனமான இடத்தில் மெல்லிய வலை ஒன்றை வைத்து மூடுவார்கள். டாக்டர் ஷிரீன் பாதிப் பேருக்கு அந்த வலையைத் தைத்தும், மீதிப் பேருக்குப் பசையால் ஒட்டியும் வைத்திருந்தார். எது நல்லது என்று ஊகித்துச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஆகவே ஒரு வருடம் கழித்து ஒவ்வொருவரிடமும் வலி இருக்கிறதா என்று கேட்டுக் குறிக்க வேண்டும். யாருக்குத் தையல், யாருக்குப் பசை என்பது அமுதவள்ளிக்குத் தெரியாது.

நூற்று நாற்பது பேரைக் கேட்டாள். நூற்று முப்பத்தாறு பேர் "நல்லா இருக்கேன் மிஸ்ஸி" என்றார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியல் மற்ற மருத்துவர்கள் முன் போகும். இரண்டும் ஒன்றுதான், பழையபடி தைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகும்.

புதன்கிழமை கண் டாக்டரைப் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸ் போனவள், கிஃபாயத்துல்லாவின் டீக்கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தாள். வாசலில் காஸ் சிலிண்டர் ஏற்றிய லோரி வந்து நின்றது.

"என்ன பரமேஸ், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கிற? காஸ் தோங்க தோள்ல வெச்சுக்கிட்டு ஓடுவியே!" என்றார் கிஃபாயத்துல்லா.

"ஆளக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லுங்க பாய். குனிஞ்சா சுண்டி இழுக்குதுலா. ஆப்பரேசன்லேர்ந்து இப்படித்தான்."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஒல்லியான ஆளாக வரைந்து வைத்திருந்தாள். எதிரே நின்றவர் கதவு அகலம் இருந்தார். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"அண்ணே, நான் ஆஸ்பத்திரி மிஸ்ஸி. போன மாசம் போன் பண்ணேனே."

பரமேஸ்வரன் அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அட, மிஸ்ஸியா! டாக்டரம்மா சௌக்கியமா?"

"வலி இல்லன்னு சொன்னீங்களே?"

"எப்படி சொல்றது மிஸ்ஸி? கையப் புடிச்சு தைரியம் சொன்னவங்க. வலிக்குதுன்னா அவங்க வேலையக் குறை சொல்ற மாதிரி ஆயிடாதா?"

கிள்ளான் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எல்லாம் கலங்கித் தெரிந்தது. செம்பனை மரங்களும் வீடுகளும் தண்ணீருக்கடியில் நகர்வதுபோல் போயின. நூற்று முப்பத்தாறு பேரும் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்திருந்தார்கள். இதைச் சொன்னால் எட்டு மாத வேலை வீண். சொல்லாவிட்டால் அந்தப் பட்டியலை நம்பி இன்னும் எத்தனை பேரைத் தைப்பார்கள்?

மறுநாள் காலை டாக்டர் ஷிரீன் முன் நின்று, பரமேஸ்வரன் சொன்னதைச் சொன்னாள். "டாக்டர், என் பட்டியல் தப்பு."

"எத்தனை பேர்?"

"தெரியல. வலிக்குதுன்னு சொன்ன நாலு பேர்தான் உண்மையச் சொன்னாங்களோ என்னவோ. வலிக்குதான்னு கேட்டா நம்ம ஆளுங்க உங்க மனசு நோகாம பதில் சொல்றாங்க."

"மிஸ்ஸி, நாளைக்கு மீட்டிங்!"

  டாக்டர் லேப்டாப்பை மூடினார்.

"அப்போ என்னதான் கேக்கணும்?"

"குனிய முடியுதா, தோங் தூக்க முடியுதா, மோட்டார் சைக்கிள்ல கால் போட்டு ஏற முடியுதா. செய்யறதக் கேப்போம்."

"ஓகே. எல்லாரையும் திரும்பக் கேளுங்க, எல்லாருக்கும் இதே புதுக் கேள்விங்க, ஒரு ஆள விடாம. மீட்டிங்ல நான் சொல்லிக்கிறேன். பரமேஸ்வரன மட்டும் திங்கக்கிழம வரச் சொல்லுங்க, நான் பாக்கணும்."

அன்று மதியமே முதல் பெயரிலிருந்து தொடங்கினாள். செராஸில் இருக்கும் சுகுமாறன். எதற்கும் சிரிப்பவர்.

"நல்லா இருக்கேன் மிஸ்ஸி! போன தடவையே சொன்னேனே!"

"டாக்டர்தான் கேக்கச் சொன்னாங்கண்ணே. உள்ளத உள்ளபடி சொன்னாத்தான் அவங்களுக்கு உதவி. இப்ப குனிஞ்சு கால் கட்டவிரலத் தொட்டுப் பாருங்க."

"இப்பவேவா? இருங்க."

போனை எங்கோ வைக்கும் சத்தம். காற்றாடி சுற்றியது. யாரோ மலாயில் செய்தி வாசித்தார்கள். அமுதவள்ளி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் குரல் திரும்பி வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"முடியலலா மிஸ்ஸி."

"பரவால்லண்ணே," என்றாள் மெதுவாக. "எந்தப் பக்கம் வலிக்குது?"